தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது

ஃபேன் போடக் கூடாதாம். மே மாதம், திருச்சி, மூன்றாவது மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடி கொதிக்கிறது, மணி பத்துதான் ஆகிறது, முதுகில் பனியன் ஒட்டிக்கொண்டு விட்டது, ஆனாலும் ஃபேன் போடக் கூடாது. காற்று பட்டால் ஐயாவுக்கு ஆகாதாம். ஐயா யாரென்றால், இதோ, என் முன்னால் ஸ்டூலின் மேல் இருக்கிற அரிசி டப்பாவுக்குள், ஒரு குச்சியில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறாரே, அந்தக் கூட்டுப்புழு. நேற்று வரைக்கும் பச்சையாக இருந்தது, இன்று காலையில் பார்த்தால் கறுத்துப் போயிருக்கிறது. செத்துவிட்டது, தூக்கிப் போடு என்றேன். எழில் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சாகலப்பா. உள்ள இருக்கிற இறக்கையோட நிறம் தெரியுது. இன்னைக்கு வெளிய வந்துரும்." சொல்லிவிட்டு ஒரு தாளில் எழுதி டப்பாவில் ஒட்டினாள். தொட வேண்டாம். டப்பாவை ஆட்ட வேண்டாம். ஃபேன் போட வேண்டாம். வெளிய வந்ததும் காயுற வரைக்கும் தொந்தரவு பண்ண வேண்டாம். ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்த்தார்கள். நான் எழுதி ஒட்டுவேன், அவர்கள் படிப்பார்கள். இப்போது நான் படிக்கிறேன். எழில் என் மகள், ஒரே மகள், இருபத்தொன்பது வயது, பெங்களூரில் கட்டிக் கொடுத்து, ஒன்றரை வருஷமாக இங்கே இருக்கிறாள். இன்றைக்கு அவளுக்குக் குடும்ப நீதிமன்றத்தில் கடைசி நாள். இருவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவளும் அவள் அம்மா தனபாக்கியமும் ஒன்பதரைக்கே ஆட்டோவில் போய்விட்டார்கள். பெற்ற அப்பன் நான் புழுவுக்குக் காவல். "யாராவது ஒருத்தர் இங்க இருக்கணும்லப்பா" என்றாள். காரணம் அதுவா? அது இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போன தடவை நீதிமன்ற வராந்தாவில் கிருபாகரனைப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தான். என் கால் தானாகப் போனது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, இன்னொரு தடவை யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். திரும்பினால் எழில் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். சண்டை போடவில்லை. இந்தத் தடவை என்னை வீட்டிலேயே காவலுக்கு வைத்துவிட்டாள். மாப்ள. இப்போது கூட மனசுக்குள் மாப்பிள்ளை என்றுதான் வருகிறது, மூன்று வருஷப் பழக்கம், சனியன், போக மாட்டேன் என்கிறது. பதினோரு மணிக்கு மேல் அவனை எப்படிச் சொல்வது? அவர்? அவன்? கிருபாகரன்? முன்னாள் மாப்பிள்ளை என்று யாராவது சொல்வார்களா? முன்னாள் அமைச்சர் மாதிரி இருக்கிறது.

அசையவே இல்லை அது. டப்பாவுக்கு மேலே கொசுவலைத் துணி கட்டியிருக்கிறாள். குச்சியில் வால் நுனியை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்கிறது, கரண்டு கம்பத்தில் பெல்ட் போட்டுச் சாய்ந்து வேலை பார்க்கிறவன் மாதிரி. அந்த நூலை அதுவே கட்டிக்கொண்டதாம். அன்றைக்கு எழில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அப்புறம் பார்க்கிறேன் என்றேன், அப்புறம் பார்த்தபோது கட்டி முடித்திருந்தது. எல்லாம் என் கறிவேப்பிலையைத் தின்று வந்த கொழுப்பு. பால்கனியில் தொட்டியில் ஆறு வருஷமாக வளர்த்தேன், மோர் ஊற்றி, காய்ந்த கிளையைக் கிள்ளி, இந்த அடுக்குமாடியில் பாதிப் பேர் என்னிடம்தான் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். இவள் வந்த இரண்டாவது வாரம் பார்க்கிறேன், இலையில் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, எச்சம் நகர்கிறது. எல்லாவற்றையும் உதிர்த்து மிதித்துவிடலாம் என்று செருப்பைத் தேடினேன். அப்போதுதான் உள் அறையிலிருந்து எழில் வந்தாள். வந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவள். "அப்பா, மிதிக்காதீங்க. ஒரு டப்பா குடுங்க." அவ்வளவுதான் சொன்னாள். தனபாக்கியம் அடுப்படியிலிருந்து ஓடி, அரிசியைச் சாக்கில் கொட்டிவிட்டு டப்பாவைக் கொண்டு வந்து நீட்டினாள். அன்று நான் கத்தினேன், அரிசியில் வண்டு வைக்கும், உனக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறதா என்று. அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பன்னெண்டு நாளாச்சுங்க. இன்னைக்குத்தான் எனக்கு இது வேணும்னு ஒண்ணு கேட்டிருக்கா." எனக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் இலை. அப்புறம் ரசத்தில் கறிவேப்பிலை கிடையாது, சட்னியில் கிடையாது, மொட்டைக் குச்சியாக நிற்கிறது செடி. துளிர்த்தால் அதுவும் அடுத்த கூட்டத்துக்கு. மார்ச்சில் பதினோரு புழு. எல்லாம் பச்சைப் பசேலென்று விரல் தடிமன், தொட்டால் தலையிலிருந்து சிவப்பாக ஒரு கொம்பு நீட்டும், புளித்த நாரத்தங்காய் மாதிரி நாற்றம். செடியில் இலை தீர்ந்துவிட்டதே, பாவம் என்று நான்தான் கடையிலிருந்து ஒரு கட்டு வாங்கி வந்து உள்ளே போட்டேன். கேட்கவில்லை. உதவிதானே, அதற்கு என்ன கேட்பது. மறுநாள் காலையில் நாலு புழு பச்சையாகக் கக்கிக்கொண்டு துவண்டு கிடந்தது. மருந்தடித்த இலை. எழில் அழவில்லை, ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டி மண்ணில் புதைத்தாள், கையைக் கழுவினாள். "கேட்டிருக்கலாம்லப்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் டப்பாவில் தாள் ஒட்டுகிற வழக்கம் வந்தது. எனக்காக ஒட்டுகிற தாள். தனபாக்கியத்துக்கு எந்தத் தாளும் கிடையாது.

வியர்வை கண்ணில் இறங்குகிறது. துண்டை எடுத்து விசிறிக்கொள்ளலாமா? அதுவும் காற்றுதானே. எழுந்து பால்கனிக் கதவைத் திறந்தால்? திறந்தால் அனல். மணி பத்து இருபது. பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். நீதிபதி என்ன கேட்பார்? யாரும் கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார். இல்லை என்பாள். கல்யாணத்துக்கு அப்படி யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? நான் கட்டாயப்படுத்தினேனா? இல்லையே. நல்ல இடம், நல்ல வேலை, பையன் குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான் என்றேன். அதிர்ந்து பேச மாட்டான் என்பது உண்மைதான். பேசவே மாட்டான். ஒரு தடவை பதினேழு நாள் பேசவில்லையாம். எதற்கு என்று இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அவள் சமைத்து மேஜையில் வைப்பாள், அவன் வருவான், தட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்ப்பான், வெளியில் போய்ச் சாப்பிட்டு வருவான், அவள் சாப்பிடாமலே படுத்துவிடுவாள். தினமும். அவள் எனக்குப் போன் செய்தாள். நான் ரயில்வே மருத்துவமனையில் கண் காட்ட வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு முன்னால் ஆறு பேர். "அப்பா, நான் சமைக்கிறதை அவர் தினமும் குப்பையில போடுறாரு." நான் என்ன சொன்னேன்? வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், மணி என்ன, பத்து இருபத்தி மூன்று. உப்பு காரம் பார்த்துப் போடும்மா. அதுதான் சொன்னேன். உப்பு காரம் பார்த்துப் போடும்மா, அவங்க வீட்டு ருசி வேற. சொல்லிவிட்டு வரிசை நகர்ந்தது என்று போனை வைத்துவிட்டேன். மனுஷன் வாயிலிருந்து எப்படி இப்படி ஒன்று வருகிறது? யோசித்துச் சொன்னேனா, இல்லை. யோசிக்காமல் சொல்வதுதான் உள்ளே இருப்பது என்று தனபாக்கியம் சொல்கிறாள், அவளுக்கு என்ன, அவளிடம் யாரும் போன் செய்து கேட்கவில்லை. இல்லை, கேட்டிருப்பாள், அம்மாவிடமும் கேட்டிருப்பாள். அம்மா வந்துவிடு என்று சொல்லியிருப்பாள். எழில் இரண்டு தடவை வந்தாள், இரண்டு தடவையும் நான்தான் மத்தியான பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பினேன். அத்தோடு விட்டேனா? என் சகலை சிவப்பிரகாசம் தினமும் காலையில் பூப் படம் போட்டு ஏதாவது அனுப்புவார். அதில் ஒரு கதை. கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளியே வரக் கஷ்டப்படுகிறது, ஒருவன் இரக்கப்பட்டுக் கத்தரியால் கூட்டை வெட்டி விடுகிறான், அது பறக்க முடியாமல் செத்துப் போகிறது, கஷ்டப்பட்டால்தான் இறக்கை பலப்படும். ஆகா என்று அதை அப்படியே எழிலுக்கு அனுப்பினேன். அவள் அங்கே பட்டினி கிடக்கிறாள், நான் இங்கே நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டு அதை அனுப்புகிறேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைப் பதிலாகப் போட்டாள். எனக்குச் சந்தோஷம், பெண் புரிந்துகொண்டாள் என்று. அந்தச் சிவப்பிரகாசம் ஒரு புழுவையாவது வளர்த்திருப்பாரா?

அசைகிறது. இல்லை, வெயில் நகர்ந்திருக்கிறது. இல்லை, அசைகிறது. தலைப்பக்கம் ஓடு பிளந்துவிட்டது, உள்ளேயிருந்து ஈரமாக ஒரு கால், இன்னொரு கால், அடடா, இப்போதுதானா வர வேண்டும், பெற்றவள் வருகிற வரைக்கும் பொறுக்கக் கூடாதா? கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிகிறேன். முழு உடம்பும் வெளியே வந்துவிட்டது, ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இதுவா வண்ணத்துப்பூச்சி? குண்டு வயிறு, இரண்டு பக்கமும் பிழிந்து போட்ட துணி மாதிரி ஏதோ சுருட்டி வைத்திருக்கிறது. குச்சியைப் பிடித்து மேலே ஏறுகிறது, ஏறு, ஏறு, அப்படித்தான், மேலே போய்த் தொங்கினால்தான் அந்தத் துணி விரியும் என்று எழில் சொல்லியிருக்கிறாள், நாலு தடவை நானும் பார்த்திருக்கிறேன். வழுக்குகிறது. விழுந்துவிட்டது. மல்லாக்க. டப்பாவின் அடியில் விரித்த பேப்பரில் மல்லாக்க விழுந்து ஆறு காலையும் ஆட்டுகிறது, சுருட்டிய இறக்கை அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பிவிடும். திரும்பட்டும். தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. திரும்பவில்லை. தாளில் நாலு உத்தரவு இருக்கிறது, விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி எழுத இவளுக்குத் தோன்றவில்லையே! எழுந்து படுக்கையறைக்கு ஓடுகிறேன், சார்ஜில் கிடக்கிற போனைப் பிடுங்கி எழிலை அழைக்கிறேன், அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தனபாக்கியத்தை அழைக்கிறேன், அவளுடையதும் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கோர்ட்டுக்குள் போய்விட்டார்கள். போனை மறுபடி சார்ஜில் போட்டுவிட்டு ஓடி வருகிறேன். இப்படியே கிடந்தால் இறக்கை சுருண்டபடியே காய்ந்துவிடும், பிப்ரவரியில் ஒன்று அப்படி ஆனது, எட்டு நாள் தரையில் நடந்தே செத்தது, எழில் தினமும் அதற்குப் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாள். தொட்டால் நான் தொட்டதால் ஆனது. தொடாவிட்டால்? தொடாவிட்டால் நான் நல்லவன், சொன்னபடி கேட்டவன், தாளைக் காட்டிவிடலாம், பார், நீதானே எழுதினாய். அதைத்தானே காலம் பூராவும் செய்தேன். அவர்கள் குடும்ப விஷயம், நாம் தலையிடக் கூடாது. தலையிட வேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், தேவையில்லாத இடத்தில் போய் மருந்தடித்த இலையைப் போட்டேன். எரிச்சல் எரிச்சலாக வருகிறது, இந்தப் பூச்சி மேலா, என் மேலா, தெரியவில்லை. வலையை அவிழ்த்துவிட்டேன். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு, காலுக்கு மேலே, படாமல், கொஞ்சம் தள்ளி நீட்டினேன். பிடிச்சா பிடி. பிடித்துக்கொண்டது. ரோமம் மாதிரி இருக்கிற அந்தக் காலுக்கு அவ்வளவு பிடி. மெல்லத் தூக்கினேன்.

இப்போது நிற்கிறேன். உட்கார முடியாது, உட்கார்ந்தால் கை தாழ்ந்து இறக்கை மடியில் படும். ஃபிரிட்ஜின் மேல் முழங்கையை ஊன்றி, விரலை நீட்டி, அதிலிருந்து அது தொங்க, நான் நிற்கிறேன். துணி விரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே விரிகிறது, கறுப்பு, கீழ் இறக்கையில் வெள்ளைப் புள்ளி ஒரு வரிசை. மணிக்கட்டில் செம்மண் நிறத்தில் கழிவு ஒரு சொட்டு விட்டது, துடைக்க முடியாது, ஓடி முழங்கைக்குப் போகிறது. அழைப்பு மணி. யார்? "சார், சிலிண்டர்!" இரண்டு வாரமாக வராத சிலிண்டர் இப்போது வருகிறது. "கொஞ்ச நேரம் கழிச்சு வாப்பா" என்று சத்தமில்லாமல் கத்தப் பார்க்கிறேன், எனக்கே கேட்கவில்லை. மறுபடி மணி, மறுபடி மணி, "வீட்ல யாரும் இல்லையா" என்று திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டு இறங்குகிறான். தனபாக்கியம் என்னைக் கொன்றுவிடுவாள். தோள்பட்டை எரிகிறது. கட்டை விரல் மரத்துவிட்டது. மூக்கு அரிக்கிறது, இடது கையால் சொறிகிறேன், அதுவும் பார்த்துப் பார்த்து. மூன்று இறக்கை நன்றாக விரிந்துவிட்டது. வலது கீழ் இறக்கையில் ஓரம் மட்டும் மடங்கியே நிற்கிறது. விரி. விரியேன். ஊதலாமா? கூடாது. என்னதான் செய்யலாம் இந்த வீட்டில்? பதினொன்றரைக்குப் போன் அடிக்கிறது, படுக்கையறையில். பதினாலு அடி தூரம். அடித்து ஓய்கிறது. மறுபடி அடிக்கிறது. கையைச் சாமி பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து, நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து போகிறேன். இடது கட்டை விரல் வியர்வையில் வழுக்குகிறது, மூன்றாவது தடவைதான் எடுத்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"முடிஞ்சிருச்சு."

இதற்கு என்ன சொல்வது? நல்லது என்பதா, அடடா என்பதா? "சரிம்மா" என்கிறேன்.

"அங்க என்ன ஆச்சு?"

"வெளிய வந்துருச்சு. எழில், நான் தொட்டுட்டேன்."

ஆட்டோச் சத்தம், யாரோ வெள்ளரிப் பிஞ்சு விற்கிறார்கள்.

"கீழ விழுந்துருச்சும்மா. மல்லாக்கக் கிடந்துச்சு. உனக்குப் போன் பண்ணேன், ஆஃப் ஆகியிருந்துச்சு. விரலைக் குடுத்தேன், புடிச்சுக்கிச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"விரல்லதான்."

"எப்ப வந்துச்சு?"

"பத்தரை இருக்கும்."

"அப்பலேருந்து கையைத் தூக்கிட்டா நிக்கிறீங்க?"

"நீதான காயுற வரைக்கும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு எழுதின. மூணு நல்லா விரிஞ்சிருக்கு. ஒண்ணு மட்டும் ஓரத்துல மடங்கியிருக்கு. என்னாலதான்."

"விழுந்ததுனால இருக்கும்பா. விரல் குடுக்காட்டி நாலும் போயிருக்கும்" என்றாள். "வரோம்."

பன்னிரண்டுக்குச் சாவி திருகுகிற சத்தம். தனபாக்கியம் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்க் குக்கரை ஏற்றுகிறாள். எழில் செருப்பைக் கழற்றாமல் நேரே வருகிறாள். என் முழங்கைக்குக் கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குகிறாள். "வாங்க, பால்கனிக்குப் போகலாம்." இரண்டு பேரும் ஒரே கையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறோம். வெளியே வெயில் பட்டதும் அது இறக்கையைத் திறந்து மூடுகிறது, இரண்டு தடவை, மூன்று தடவை, அப்புறம் விரலில் பாரம் இல்லை. கம்பியில் மோதி, துணிக்கொடியில் உட்கார்ந்து, கோணலாகத்தான், ஆனாலும் எதிர் வீட்டு மாடியைத் தாண்டிப் போய்விட்டது. அவள் அதைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் பால்கனித் தரையில், கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போன சேலையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். கை மடங்க மாட்டேன் என்கிறது, அந்தரத்திலேயே நிற்கிறது.

"அப்பா, ரெண்டாவது தடவை என்னை பஸ் ஏத்தி விட்டீங்கள்ல. ஜன்னல் வழியா ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்தீங்க."

"ம்."

"நாமக்கல் தாண்டியும் அதைப் பிரிக்கல. கையிலயே வெச்சிருந்தேன். பக்கத்துல ஒரு அம்மா, கைக்குழந்தையோட. அம்மா வீட்டுக்குப் போறியா, புருஷன் வீட்டுக்குப் போறியான்னு கேட்டாங்க. நான் அம்மா வீட்டுக்குன்னு சொன்னேன். பஸ் பெங்களூருக்குப் போயிட்டிருக்கு. அம்மா வீட்டுக்குன்னுதான் வாயில வந்துச்சு."

எனக்குப் பதில்கள் வருகின்றன. உன் நல்லதுக்குத்தானே. எனக்கு என்ன தெரியும். நீ அப்பவே தெளிவாகச் சொல்லியிருக்கலாமே. ஊரில் என்ன பேசுவார்கள் என்று. நாலும் வரிசையாக நாக்கு நுனியில் வந்து நிற்கின்றன, எல்லாம் பழைய சரக்கு, ஒவ்வொன்றாக விழுங்குகிறேன். உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. அடங்கட்டும் என்று அவள் காத்திருக்கிறாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"அப்புறம்?" என்றேன்.

"பிஸ்கட்டை அந்தக் குழந்தைக்குக் குடுத்துட்டேன்" என்றாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள், ஆனால் நிறுத்தவில்லை. சேலம் வந்தது, அங்கே இறங்கித் திரும்பிவிடலாம் என்று பையை எடுத்தது, பின்னால் நின்றவர் வழி விடும்மா என்றது, மறுபடி உட்கார்ந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.